முறுக்கு பிழியும் இயந்திரமும் பதம் அறிந்த கையும்

உணவுத் தொழிற்சாலைகளில் ரோபோக்கள் வந்துவிட்டன என்றால் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு எழுவதைக் காணலாம். ஒரு சாரார், "இனி மனிதனுக்கு வேலை இல்லை, எல்லாம் போயிற்று" என்று கவலைப்படுகின்றனர். இன்னொரு சாரார், "இயந்திரம் சுத்தமாகச் செய்யும், களைப்படையாது, விடுப்புக் கேட்காது" என்று பூரிக்கின்றனர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரு சாராரும் கேட்க மறந்த ஒரு கேள்வியும் உண்டு. 'கைப்பக்குவம்' என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த அறிவு கணினிக்குள் போகும்போது, அந்தக் கைக்கு உரியவருக்கு ஆலையில் என்ன இடம் மிஞ்சுகிறது?

இக்கேள்வி எங்கோ ஜப்பானிலும் ஜெர்மனியிலும் உள்ள பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று. மலேசியத் தமிழர்கள் நெடுங்காலமாகச் செய்து வரும் தொழில்களில் உணவுத் தயாரிப்பும் ஒன்று. மசாலைத் தூள், அப்பளம், முறுக்கு, மிக்சர், தோசை மாவு எனப் பட்டியல் நீளும். ஈப்போ புந்தோங் வட்டாரத்தில் ஒரு குடியிருப்புக்கே 'கம்போங் கச்சாங் பூத்தே' என்று பெயர். எட்டயபுரப் பகுதியிலிருந்து 1940களில் வந்து குடியேறிய குடும்பங்கள் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் செய்து விற்றதால் வந்த பெயர் அது. பொட்டலத்தைப் பிரித்து வாயில் போடும்போது, அதற்குள் எத்தனை ஆண்டுப் பழக்கம் அடங்கியிருக்கிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இத்தகைய தொழில்களுக்குள் இயந்திரமும் செயற்கை நுண்ணறிவும் வரத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பதம் அறிந்தவரை வெளியே அனுப்பிவிட்டு அவை உள்ளே வரக்கூடாது. அவரை ஆசிரியராகவும் தீர்ப்புச் சொல்பவராகவும் அமர்த்திக்கொண்டே வர வேண்டும். இதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. ருசிக்கும் பாதுகாப்புக்கும் அதுவே வழி.

ஆட்டுக்கல் போனபோது

இயந்திரம் என்றதும் மிரள்வோர், நம் சமையலறையிலேயே ஒரு புரட்சி நடந்து முடிந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் சுற்றும் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். அதற்கு முன் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து குழவியைச் சுற்றியவர்கள் நம் பாட்டிமார்கள். கிரைண்டர் வந்தபோது, "ஆட்டுக்கல்லில் அரைத்த ருசி வருமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தோள் வலிக்க அரைத்தவர்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டவர்களே கேட்டிருப்பார்கள். இன்று கிரைண்டரில் அரைத்த மாவில் வார்த்த தோசையைத் தோசை அன்று என யாரும் சொல்வதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிரைண்டர் பளுவை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும், உளுந்து பொங்கி வந்துவிட்டதா, எப்போது நிறுத்த வேண்டும் என்ற முடிவெல்லாம் கையிடமே இருந்தன. ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டு, மிதக்கிறதா என்று பார்த்தவர் அம்மாதான்.

இன்று வந்திருப்பது இதனின்று வேறுபட்டது. செயற்கை நுண்ணறிவு பளுவோடு நின்றுவிடாமல் பதம் பார்க்கும் வேலையையும் கேட்கிறது. ஆகவே, "அன்று கிரைண்டர் வந்தது, இன்று ரோபோ வருகிறது, எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

இயந்திரம் எப்படிப் பதம் பார்க்கிறது?

ஆலையில் உள்ள எல்லா இயந்திரமும் 'அறிவுள்ள' இயந்திரம் அன்று. ஒரு பொட்டலத்தில் 200 கிராம் முறுக்கு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு ஒவ்வொன்றும் ஒரு எடை. உடைத்துச் சரிக்கட்டவும் முடியாது. இதற்கென உள்ள இயந்திரத்தில் வட்டமாகப் பத்துப் பதினான்கு சிறு தொட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு விழும். எந்தச் சில தொட்டிகளைச் சேர்த்தால் 200 கிராமுக்கு மிக அருகில் வரும் என்று கணினி நொடிக்குள் கணக்கிட்டு, அவற்றை மட்டும் திறந்துவிடும். ஜப்பானின் இஷிடா நிறுவனம் 1972இல் குடைமிளகாயை எடைபோட உருவாக்கிய முறை இது. இதில் இருப்பது வெறும் கூட்டல் கணக்குத்தான். ஆனால் எவ்வளவு பயனுள்ள கணக்கு!

ரோபோவும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ரேமோன் கிளவெல் என்பவரும் அவர் குழுவினரும் 1980களில் 'டெல்டா' என்ற ரோபோவை வடிவமைத்தனர். சாக்லெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கும் சலிப்பான வேலைக்கு ஒரு மாற்றுத் தேடியபோது பிறந்த யோசனை அது. மோட்டார்கள் மேலே அசையாமல் இருக்கும். மெல்லிய மூன்று கைகள் மட்டும் சிலந்திபோல் கீழே இறங்கி வேலை செய்யும். தூக்கிச் சுமக்க வேண்டிய எடை குறைவு என்பதால் வேகம் மிகுதி. இன்று ரொட்டி, பிஸ்கட், இறைச்சித் துண்டு என எத்தனையோ பொருள்களை இவ்வகை ரோபோக்களே அடுக்குகின்றன.

இவை சொன்னதைச் செய்பவை. செயற்கை நுண்ணறிவோ, காட்டியதைக் கற்றுக்கொள்வது. முறுக்கு வெந்துவிட்டது என்பதை எப்படி ஒரு விதியாக எழுதுவது? எண்ணெயில் போட்டதும் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதால் குமிழிகள் பொங்கும், நீர் வற்ற வற்ற நுரை அடங்கும், சத்தமும் மாறும், நிறம் பொன்னிறத்தை எட்டும். அனுபவசாலி இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் பார்த்து, "எடு" என்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆகவே விதி எழுதுவதை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான முறுக்குகளைப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் 'சரி', 'வேகவில்லை', 'கருகல்', 'உடைந்தது' என்று பெயரிட்டுக் கணினிக்குக் காட்டுகிறார்கள். அதுவும் மெல்ல மெல்ல வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பெயர்களை இட்டவர் யார்? மென்பொருள் எழுதிய பொறியியலாளருக்கு முறுக்கின் பதம் தெரியாது. முப்பது ஆண்டுகள் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்ற ஓர் அக்காளின் கண்ணைத்தான் அந்தக் கேமரா கடன் வாங்கியிருக்கிறது.

ஏன் தள்ளிப்போட முடியாது?

அப்படியானால் இவை எதுவும் வேண்டாம், பழைய முறையே போதும் என்று இருந்துவிடலாமா? இருக்க முடியாது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐவருக்கும் குறைவான தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொழிலாளிக்கு இது நியாயமான உயர்வே. அதே 2025ஆம் ஆண்டு ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம், அந்நியத் தொழிலாளர்களின் பங்கை 2030க்குள் 10 விழுக்காட்டுக்கும் 2035க்குள் 5 விழுக்காட்டுக்கும் குறைக்க இலக்கு வைத்துள்ளது. மலிவான கூலிக்கு ஆள் சேர்த்துத் தொழில் நடத்தும் காலம் முடிந்து வருகிறது என்பது கண்கூடு. முறுக்குக் கடைக்காரரின் பிள்ளையும் பட்டம் படித்து அலுவலக வேலைக்குப் போய்விடுகிறார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

வேலையின் தன்மையையும் மறந்துவிடக் கூடாது. கொதிக்கும் எண்ணெயின் முன் நாள் முழுவதும் நிற்பதும், மாவு மூட்டையைத் தூக்குவதும், அச்சை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வீங்குவதும் பாரம்பரியம் என்ற பெயரில் காப்பாற்றப்பட வேண்டியவை அல்ல. அவற்றைச் செய்ய இயந்திரம் வந்தால் இரு கரம் நீட்டி வரவேற்கலாம்.

உடல்நலக் காரணமும் உண்டு. மாவுப் பொருள்களை 120 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் பொரித்தாலும் சுட்டாலும் 'அக்ரிலமைடு' என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படுத்தினர். நிறம் கருக்கக் கருக்க இதன் அளவும் கூடும். ஆகவே எண்ணெயின் சூட்டை ஒரே சீராக வைத்திருக்கும் உணரியும், கருகியதைத் தனியே தள்ளும் கேமராவும் அழகுக்காக வாங்கும் பொருள்கள் அல்ல.

சிறு தொழில் நடத்துவோர், "எங்களிடம் ரோபோ வாங்கப் பணம் ஏது?" என்று கேட்பது நியாயமே. முதலிலேயே ரோபோ வாங்கச் சொல்லவில்லை. எண்ணெயின் சூட்டை நாள்தோறும் பதிவு செய்யும் ஒரு வெப்பமானி, மாவின் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு கருவி, துல்லியமான தராசு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அவை தரும் கணக்கு ஓராண்டு கையில் இருந்தால்தான் எந்த இயந்திரம் வேண்டும் என்பதே தெரியும். கணக்கு இல்லாத ஆலைக்குள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவருவது, பாடநூல் இல்லாத வகுப்பறைக்குள் மாணவனை உட்கார வைப்பதற்கு ஒப்பாகும்.

இயந்திரம் காணாதவை

இயந்திரம் சுத்தமானது என்ற நம்பிக்கைக்கு ஒரு கசப்பான பாடம் கனடாவில் கிடைத்தது. 2008இல் அந்நாட்டின் மேப்பிள் லீஃப் ஃபூட்ஸ் நிறுவனத்தின் டொரோண்டோ ஆலையில் தயாரான இறைச்சி வகைகளை உண்டவர்களிடையே லிஸ்டீரியா நோய் பரவி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிருமி எங்கே இருந்தது? இறைச்சியை மெல்லிய துண்டுகளாக வெட்டும் இயந்திரங்களின் உட்பகுதியில், வழக்கமான கழுவுதல் எட்டாத இடத்தில் இருந்ததாகக் கருதப்பட்டது. அதைவிட வருத்தமான செய்தி ஒன்றுண்டு. ஆலையில் எடுத்த பரிசோதனைகளில் அதற்கு முன்பே அவ்வப்போது லிஸ்டீரியா தென்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டுத் தொடர்ந்தார்களே தவிர, மீண்டும் மீண்டும் வருகிறதே என்று அந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டனர் என்பதை 2009இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இந்நிகழ்வு இரு பக்கமும் பேசுகிறது. சிதறிக் கிடக்கும் முடிவுகளைச் சேர்த்து, "இங்கே ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது" என்று எச்சரிப்பதில் செயற்கை நுண்ணறிவு கைதேர்ந்தது. அந்த வகையில் அது உயிர்காக்கும் கருவி ஆகலாம். ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கவும், அன்றைய உற்பத்தியை நிறுத்தவும் துணிகிற ஒருவர் இல்லாவிட்டால் அந்த எச்சரிக்கையும் கோப்பில்தான் கிடக்கும்.

இன்னொரு செய்தி நமக்கு மிக அருகில் நடந்தது. 2024 ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு, இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலையைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ள உத்தரவிட்டது. கிருமிகளைக் கொல்லப் புகையாகப் பயன்படுத்தப்படும் எத்திலின் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் அதில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்ததே காரணம். மசாலையின் நிறமும் மணமும் குறை சொல்ல முடியாதபடி இருந்திருக்கலாம். எவ்வளவு உயர்ந்த கேமராவும் அந்த வேதிப்பொருளைக் கண்டிருக்காது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். இயந்திரம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

பழைய பாடத்தை வைத்துப் புதிய நாளைத் தீர்மானிப்பது அதன் இன்னொரு குறை. அரிசி மாவு வேறு ஆலையிலிருந்து வந்தாலும், மழைக்காலத்தில் மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் முறுக்கின் நிறமும் வேகும் நேரமும் மாறும். முன்பு கற்ற கணினி நல்லதைத் தள்ளும். சில வேளை தள்ள வேண்டியதை விட்டுவிடும். மாவைத் தொட்ட மாத்திரத்தில், "இன்றைக்கு மாவு சரியில்லையே" என்று சொல்கிற ஆள் அருகில் இருந்தால் நட்டம் ஒரு சட்டியோடு நின்றுவிடும்.

நிறுத்தும் உரிமை

இந்த இடத்தில் உணவுத் துறைக்கு வெளியிலிருந்து ஒரு நல்ல வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் சக்கிச்சி தொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். குறையுள்ள துணியை நெய்து குவிப்பதைவிட நிற்பதே மேல் என்ற எண்ணம் அது. அவருடைய மகன் தொடங்கிய தொயோத்தா கார் நிறுவனத்திலும் இவ்வெண்ணம் தொடர்ந்தது. குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார். தீர்வு கிடைக்காவிட்டால் வரிசை நிற்கும்.

நம் உணவு ஆலைகளிலும் அந்தக் கயிறு வேண்டும். "கணினி சரி என்கிறது, உனக்கென்ன தெரியும்?" என்று கேட்கும் ஆலையில் எவரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். பதம் அறிந்தவருக்கு நிறுத்தும் உரிமையை எழுத்திலேயே கொடுக்க வேண்டும். நிறுத்தியது தேவையற்றது என்று பின்னர் தெரிந்தாலும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது.

உரிமை மட்டும் இருந்தால் போதாது. திரையில் வருவதும் புரிய வேண்டும். இயந்திரத்தின் திரை ஆங்கிலத்திலோ சீனத்திலோ எச்சரிக்கை காட்டினால், தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காமாருக்கும், நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தம்பிமாருக்கும் அதனால் என்ன பயன்? முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழை ஏற்றிய மண்ணில், ஆலைத் திரையில் 'எண்ணெய் சூடு மிகுதி, நிறுத்தவும்' என்று தமிழில் காட்டுவது முடியாத காரியமா? தமிழ்மொழி வளர்ச்சி என்று மேடையில் பேசும் நாம், அது தேவைப்படும் இடங்களில் இதையும் ஒன்றாகக் கருத வேண்டும்.

கற்றுக் கொடுத்தவருக்கு என்ன?

முதலாளி ஒருவர், "என் கடனில் நான் வாங்கிய இயந்திரம்; யாரை வைத்துக்கொள்வது என்பது என் விருப்பம்" என்று சொல்லக்கூடும். இயந்திரம் அவருடையதுதான், ஐயமில்லை. ஆனால் அது பெட்டியில் வந்து இறங்கியபோது பதம் அதனுள் இல்லை. அதைக் கற்பித்தவர் அவருடைய தொழிலாளி. கற்பித்த மறுமாதமே அவரை வீட்டுக்கு அனுப்புவது அறமும் அன்று. மாவு மாறும்போது மறுபடி கற்பிக்க ஆள் இல்லாமற்போகும் என்பதால் கெட்டிக்காரத்தனமும் அன்று.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. படங்களுக்குப் பெயரிடும் வேலையைத் திறன் சார்ந்த வேலையாகக் கருதி அதற்குத் தனிப்படி கொடுக்கலாம். இயந்திரத்தை இயக்கும் பயிற்சிக்கு வெளியாரைத் தேடும் முன், அதே வேலையைக் கையால் செய்தவரை முதலில் அனுப்பலாம். இதற்குப் பணம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக்கெனக் கட்டாயமாகச் செலுத்துகின்றன. 5 முதல் 9 பேர் உள்ள நிறுவனங்கள் விரும்பினால் 0.5 விழுக்காடு செலுத்திச் சேரலாம். பயிற்சிக்கென்றே ஒதுக்கப்படும் பணம் அது. அதை யாருடைய பயிற்சிக்குச் செலவிடுகிறோம் என்பதில்தான் நம் மனம் வெளிப்படும்.

பட்டதாரிகளாகிய நாம்

மாணவ நண்பர்களே, நம்மில் பொறியியல், கணினி, உணவு அறிவியல், வணிகம் படிப்போர் பலர். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, பெரிய நிறுவனங்களின் வாசலில் மட்டும் நிற்காமல் நம் வட்டாரத்து முறுக்கு ஆலைக்கும் மசாலை ஆலைக்கும் ஒருமுறை சென்று பார்க்கலாம். ஓர் எளிய கேமராவும் ஒரு பருவத்து உழைப்பும் இருந்தால், கருகிய முறுக்கைப் பிரித்தறியும் மென்பொருளின் முதல் வடிவத்தை ஒரு மாணவர் குழுவால் செய்துவிட முடியும். தமிழ் படிப்போருக்கும் அங்கே வேலை உண்டு. பாகு, பதம், முறுகல், நமுப்பு, கமறல் போன்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவைக் குறிக்கின்றன. அவற்றைப் பேசும் வாயிலிருந்தே கேட்டு, எந்தச் சொல் எந்த நிலையைக் குறிக்கிறது என்று எழுதி வைப்பது மொழிப்பணியும் ஆகும், தொழிற்பணியும் ஆகும். அந்தச் சொற்களை அறிந்த தலைமுறை ஓய்வுபெறும் வயதில் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

பட்டம் பெற்று, ஆலைகளுக்கு இயந்திரம் வாங்கித் தரும் பதவியில் நம்மில் சிலர் நாளை அமர்வோம். அப்போது விற்பனையாளர் வந்து, இந்த ரோபோ எத்தனை ஆள்களின் வேலையைச் செய்யும் என்று கணக்குக் காட்டுவார். அவரிடம் கேட்க மூன்று கேள்விகளை இப்போதே குறித்து வைத்துக்கொள்வோம். இதற்குப் பதம் கற்பிக்கப் போவது யார்? இது தவறும்போது நிறுத்தப் போவது யார்? அவருக்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம்? மூன்றுக்கும் விடையோடு வரும் இயந்திரத்தைத் தயங்காமல் வாங்கலாம்.